கட்டைக்கு வலிக்காது

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. மார்பகப் படம் எடுக்கும் எக்ஸ்ரே மெஷின், ஒரு பெண்ணின் உடம்புக்குள் எவ்வளவு கதிர்வீச்சை விடுகிறது என்று மீட்டர் வைத்து அளப்பவள் நான் என்று ஒருமுறை பொறுமையாக விளக்கினேன். கேட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். கடைசிவரை தலையை ஆட்டிவிட்டு, "அப்படியே எங்க வீட்டு கரண்ட் மீட்டரையும் ஒரு தடவ பாத்துடும்மா, கண்டபடி ஓடுது" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு மீட்டர் என்றே பெயர் வைத்துவிட்டாள். மாமாவும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அக்காவின் பிள்ளைகளுக்கு நான் மீட்டர் சித்தி.

என் வேலைக்கு மீட்டர் மட்டும் போதாது, ஒரு கட்டையும் வேண்டும். அரைவட்டமாக வெட்டிய, கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும் அக்ரிலிக் கட்டை. மெஷினில் மார்பகம் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைப்போம். மேலிருந்து பிளாஸ்டிக் தட்டு இறங்கி அதை அழுத்தும். எக்ஸ்ரே விழும், மீட்டரில் எண் வரும். எண் வரம்புக்குள் இருந்தால் மெஷின் பாஸ். குண்டானவள், ஒல்லியானவள், பிள்ளை பெற்றவள், பெறாதவள் எல்லோருக்கும் பதிலாக அந்த ஒரே கட்டைதான் வருஷா வருஷம் பரீட்சை எழுதுகிறது. அதில் ஒரேயொரு சிக்கல். கட்டைக்கு வலிக்காது.

நான் அளக்கப் போகும் ஆஸ்பத்திரிகளில் ஒன்றின் வாசலில், ரோஸ் கலரில் ஒரு போர்டு இருக்கிறது. 'வலியே இல்லாத மார்பகப் பரிசோதனை' என்று எழுதி, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒருத்தியின் படம். முதன்முதலில் அதைப் பார்த்தபோதே எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பரிசோதனையில் வலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மார்பகத்தை நன்றாக அழுத்தித் தட்டையாக்கி எடுத்தால்தான் படம் உருப்படியாக வரும். குவியலாக விட்டால் உள்ளே இருப்பது ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மறைத்துக்கொள்ளும். துணிமூட்டையை அவிழ்க்காமலே உள்ளே ஊசி தேடுகிற கதைதான். போதாக்குறைக்கு, தடிமன் கூடினால் மெஷின் தானாகவே கூடுதல் கதிர்வீச்சைத் தள்ளும். ஆக, வலிக்காமல் எடுத்தால் படமும் கெடும், கதிர்வீச்சு டோஸும் ஏறும். இதைப் போர்டில் எழுத எந்த முதலாளிக்கு மனசு வரும்?

ஆனாலும் அந்த மெஷின் என் கட்டைப் பரீட்சையில் ஒவ்வொரு வருஷமும் ஜம்மென்று பாஸானது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். மெஷினில் குறை இல்லாதபோது நான் வேறு என்ன செய்ய முடியும்?

அங்கே படம் எடுக்கும் பெண்ணுக்குப் பஞ்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் கை பஞ்சு மாதிரி என்று படம் எடுத்துக்கொண்டவர்கள் வைத்த பெயர். என் அக்கா வயசுதான் இருக்கும். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள், மெஷின் மேடையை உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கி வைப்பாள், சட்டையைக் கழற்றக் கூசுகிறவர்களிடம் தன் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பாள். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. மற்ற இடங்களில் படம் எடுக்கும் பெண்களை அடிக்காத குறையாகத் திட்டுகிறவர்கள், இவளை மட்டும் கட்டிப்பிடித்துவிட்டுப் போவார்கள்.

இந்த வருஷம் விதி மாறியது. கட்டையில் மட்டும் அளந்தால் போதாது, உண்மையான பெண்களுக்கு விழும் டோஸையும் பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு நாள் முழுக்க நான் பஞ்சுவின் அறையில், ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் மெஷின் காட்டும் தடிமனையும் டோஸையும் குறித்துக்கொண்டிருந்தேன்.

காலையிலேயே எனக்குச் சரியாகப் படவில்லை. வந்தவர்கள் பாதிப்பேர் சின்ன உடம்புக்காரர்கள், ஆனால் தடிமன் பெரிய உடம்புக்காரர்களுக்கு வருவதுபோல வந்தது. டோஸ் மற்ற இடங்களைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். இடைவெளியில் கட்டையை வைத்து அளந்தேன். சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் மெஷினை விட்டுவிட்டு, தட்டை இறக்கும் பெடலில் இருந்த பஞ்சுவின் காலைப் பார்த்தேன். வந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் பஞ்சு. அந்த முகத்தில் புருவம் லேசாகச் சுருங்கியதும் பெடலிலிருந்து கால் எழுந்துவிட்டது. தட்டு பேருக்குத் தொட்டுக்கொண்டு நின்றது. எக்ஸ்ரே விழுந்தது.

டோஸ் ஏறியதுகூட எனக்குப் பெரிய பயம் இல்லை. ஒன்றரை மடங்கானாலும் அது சின்ன அளவுதான், அதனால் மட்டும் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனால் டோஸ் என்பது புகை மாதிரி. புகை வந்தால் எங்கேயோ எரிகிறது என்று அர்த்தம். இத்தனை பெண்களின் படமும் மூட்டையாகவே எடுக்கப்பட்டிருக்கிறது என்று அது சொன்னது.

அப்போது வெளியே பஞ்சுவின் குரல் கேட்டது. "வாங்க வாங்க, இந்த வருஷம் ஆளையே காணோமேன்னு நினைச்சேன்."

"எங்க வர்றது, வீட்டு வேலையே சரியா இருக்கு" என்று பதில் வந்தது. என் அக்காவின் குரல்.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அம்மா மார்பகப் புற்றுநோயில் போனாள். அதனால்தான் அக்கா வருஷம் தவறாமல் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அவள் உயிரை வாங்குகிறேன். முதல் தடவை நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே நன்றாக அழுத்தி எடுத்தார்கள். அக்கா போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்கப்புறம் "நானே போய்க்கிறேன், நீ வராத" என்றாள். வருஷா வருஷம் "போனேன்டி, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றும் சொன்னாள். போனாள்தான். எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் திகைப்பு நீங்கித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுவதற்குள் அக்கா சட்டையைக் கழற்றி, அங்கியைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் நின்றுவிட்டாள். பஞ்சு ஏதோ சொல்ல, அக்கா சிரித்தாள். தட்டு இறங்கியது, நின்றது. மெஷினில் தடிமன் எண் பளிச்சென்று வந்தது. என் அக்கா ஒல்லிக்குச்சி. அந்த எண் அவளுடைய எண்ணே இல்லை.

"எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

"ஐயோ, நீ எங்கடி இங்க?" அக்கா அங்கியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னியே?"

"ஆஸ்பத்திரிக்குன்னுதான் சொன்னேன். பெருசா சின்னதான்னு நீ கேட்டியா?"

நான் பஞ்சுவிடம் திரும்பினேன். "இன்னும் அழுத்துங்க."

"மேடம், அவங்க தாங்க மாட்டாங்க. எனக்கு அவங்களத் தெரியும்."

"எனக்கும் தெரியும், என் கூடப்பிறந்தவ. அழுத்துங்கன்னு சொல்றேன்ல."

பஞ்சு காலைப் பெடலில் வைத்தாள். தட்டு ஒரு நூல் இறங்கியிருக்கும், அக்கா "ஆ" என்றாள், பஞ்சு காலை எடுத்துவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏய் மீட்டர்," அக்கா கைநீட்டி என்னை நிறுத்தினாள். "கட்டைய அளக்கத்தானே வந்த? கட்டைய அள. என்னை அளக்காத. பஞ்சும்மா, நீ உன் இஷ்டத்துக்கு எடு."

பஞ்சு அவள் இஷ்டத்துக்கே எடுத்தாள். அக்கா சட்டையைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள்.

அறை காலியானதும் பஞ்சுவைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க பண்றது என்னன்னு உங்களுக்குத் தெரியுதா?"

அவள் மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தெரியும் மேடம். படிச்சிட்டுத்தானே வந்தேன். ஆரம்பத்துல நானும் நல்லா அழுத்தித்தான் எடுத்தேன். ஒருத்தியும் அடுத்த வருஷம் திரும்பி வரல. நாலு பேர்கிட்ட சொல்லி அவங்களையும் வர விடல. இப்ப எல்லாரும் வர்றாங்க. சுமாரான படமாவது இருக்கா இல்லையா?"

அவள் சொன்னதில் பாதி உண்மைதான், அதுதான் என்னை இன்னும் கடுப்பேற்றியது. "படமே எடுக்காதவ கொஞ்சம் பயத்தோடவாவது இருப்பா," என்றேன். "நீங்க எடுத்தவ ஒண்ணுமில்லைன்னு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுறா. இதுக்கு அதுவே மேல்."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு இளகவில்லை. அக்காவின் படம் அவள் தோளுக்குப் பின்னால் திரையில் தெரிந்தது. பால் கொட்டின மாதிரி ஒரே வெளுப்பு.

ஆஸ்பத்திரி முதலாளி டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் என் கட்டை எண்ணை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். "பாஸ்தானே மேடம்?"

"கட்டை பாஸ் சார். பொம்பளைங்க ஃபெயில்."

"மெஷின் சரியா இருக்கில்ல?"

"மெஷின் சரி. அழுத்துறதுதான் சரியில்ல. அந்த போர்ட முதல்ல கழட்டுங்க."

அவர் சிரித்தார். "அந்த போர்டாலதான் மேடம் கூட்டமே வருது. சரி சரி, நீங்க எழுத வேண்டியத எழுதுங்க. நான் பாத்துக்கிறேன்."

நான் எழுத வேண்டியதை எழுதினேன். படம் எடுப்பவருக்கு மறுபயிற்சி தர வேண்டும், எடுத்த படங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டவர்களைக் கூப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டும், போர்டை எடுக்க வேண்டும். வேலையை விட்டு அனுப்பு என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

அதற்குள் அக்காவின் ரிசல்ட் வந்துவிட்டது. ஒன்றுமில்லையாம். அதை போனில் எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: 'கோளாறு மீட்டர்லதான். மத்தபடி எல்லாம் நல்லா இருக்கு.'

நான் விடவில்லை. தினமும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். அம்மாவின் கடைசி மாதங்களைச் சொல்லி அவளை அழவும் வைத்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க, உனக்கு ஏதாவது இருக்கணும்னு ஆசையா?" என்று கேட்டாள். கடைசியில் மாமாதான், "ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்துடு தாயே, இவ தொல்லை தாங்கல, எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது" என்று அவளைக் கிளப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறவளுக்கு யாரும் செல்லப்பெயர் வைக்கவில்லை. "தோளை எறக்குங்க, அசையாதீங்க" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தட்டு இறங்கி முடியும்வரை நான் அக்காவின் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். அது இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா கத்தினாள். "விடச் சொல்லுடி, விடச் சொல்லுடி பாவி" என்று என் மணிக்கட்டில் நகம் பதிய இறுக்கினாள். நான் விடச் சொல்லவில்லை. தடிமன் எண் குறையக் குறைய எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

படத்தில் அது இருந்தது. மறைக்க எதுவும் இல்லாமல், வெள்ளையாக, சுற்றிலும் நூல் இழுத்துக் கட்டினது மாதிரி கோடுகளோடு இருந்தது. பஞ்சு எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்து பார்த்தும் அதில் எனக்கு எதுவும் தெரியவில்லை. முந்தின வருஷத்துப் படமும் அதே பால் வெளுப்பு. ஆபரேஷன் செய்யும் டாக்டர் மூன்றையும் பார்த்துவிட்டு, "இது நேத்து வந்தது இல்ல. போன வருஷமே தெரிஞ்சிருந்தா சின்னதா எடுத்துட்டு விட்டிருக்கலாம்" என்றார். அக்குளுக்கும் பரவியிருந்தது. அக்காவின் இடது மார்பை முழுவதும் எடுத்தார்கள். அதற்கப்புறம் மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நகம் கறுத்தது.

அவள் வார்டில் கிடந்தபோதே அந்தச் சேதி வந்தது. முதலாளி டாக்டர் என் பரிந்துரைகளில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. பஞ்சுவை மட்டும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. போர்டு அப்படியே இருக்கிறது. புதிதாக ஒரு சின்னப் பெண்ணை எடுத்து, வலிக்காமல் எடு என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் மேலிடத்துக்கு எழுதினேன். கட்டைப் பரீட்சையில் பாஸ், மெஷினில் குறை இல்லை, ஆட்களை மாற்றியாகிவிட்டது என்று பதில் வந்தது.

அன்று நான் வார்டுக்குள் போனபோது அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பஞ்சுவ வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களாமே," என்றாள். "நீ எழுதினதாலயாமே."

"நான் அப்படி எழுதலக்கா."

"ஒரு நல்லவ வயித்துல அடிச்சிட்டியேடி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்ன இந்தக் கட்டில்ல படுக்க வச்சதே அவதான். அது உனக்குப் புரியுதா இல்லையா?"

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "அவ எனக்கு ஒரு நாளும் வலிக்க வச்சதில்ல. நீ என்னை இங்க கூட்டிட்டு வந்தே. வந்த நாள்லேருந்து குத்துறாங்க, கிழிக்கிறாங்க, எரியிற மருந்த ஏத்துறாங்க. உனக்கு அளக்கத்தான்டி தெரியும். வேற எதுவும் தெரியாது."

நான் வராந்தாவில் போய் அழுதேன். அவள் உயிரோடு இருப்பதே நான் பிடித்து இழுத்து வந்ததால்தான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. நோயில் கிடப்பவளிடம் அதை எப்படிக் கத்துவது?

பஞ்சுவும் வந்தாள். செய்ததெல்லாம் செய்துவிட்டு எந்த முகத்தோடு வருகிறாள் என்று நினைத்தேன். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள். அப்புறம் தினமும் வந்தாள். அக்காவுக்கு உடம்பு துடைத்துவிட்டாள், என் கையால் குடிக்காத கஞ்சியை அவள் கொடுத்தால் அக்கா குடித்தாள். பஞ்சு தொட்டால் அக்காவின் முகம் தெளிந்தது. அவளை வெறுக்கக்கூட முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

வருஷம் திரும்பியது. அக்காவுக்குத் தலையில் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. மிச்சமிருக்கும் வலது பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னார்கள். அம்மாவின் நோய், இவளுடைய நோய் இரண்டையும் வைத்துப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் ஏதாவது இருந்தால் அதை இப்போதே பிடித்தாக வேண்டும், அடுத்த வருஷம் என்கிற பேச்சே கிடையாது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்," என்றாள் அக்கா. "அந்த வாசலப் பாத்தாலே எனக்குக் குமட்டுது. பஞ்சு இப்ப வேற இடத்துல சேந்திருக்கா. அவகிட்டதான் எடுப்பேன். இல்லன்னா எடுக்கவே மாட்டேன்."

சும்மா மிரட்டவில்லை, செய்துவிடுவாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்தார். நானும் வருவேன் என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தேன்.

புது இடத்தின் வாசலில் போர்டு எதுவும் இல்லை. அதைப் பார்த்தே எனக்கு உயிர் வந்தது. பஞ்சு வெளியே ஓடி வந்து அக்காவின் தோளை அணைத்துக்கொண்டாள். நான் அவளைத் தனியாக இழுத்தேன்.

"பஞ்சு, உங்கள கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறேன். அவ கத்தட்டும். அழட்டும். என்னைத் திட்டட்டும். அழுத்தி எடுங்க. அவகிட்ட இருக்கிறது இனி அது ஒண்ணுதான்."

"இந்தத் தடவ அழுத்தித்தான் எடுப்பேன் மேடம்," என்றாள். என் கையைப் பிடித்து அழுத்தியும் காட்டினாள். "எனக்குப் புரியாதா? நான் பட்டது போதாதா?"

"நானும் உள்ள வரேன்."

"வேண்டாம்," என்றாள் அக்கா கதவருகிலிருந்து. "நீ நின்னா அவளுக்குக் கை ஓடாது. இங்கயே உக்காரு."

கதவு மூடிக்கொண்டது. நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமா பக்கத்தில் நின்றுகொண்டு கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அங்கி மாற்றும் சத்தம் கேட்டது. அவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்புறம் தட்டு இறங்கும் மோட்டார் சத்தம். அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி, தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். காதைக் கதவோடு வைத்துக்கொண்டேன். கத்து அக்கா, என்று வேண்டிக்கொண்டேன். ஒரு தடவை கத்திவிடு. என்னைப் பாவி என்று சொல். என் மணிக்கட்டில் அந்த நகத்தடம் இன்னும் மங்கலாக இருக்கிறது, அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் நின்றது. சீக்கிரமே நின்றது.

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. என் கன்னத்தைத் தட்டினாள்.

"பாத்தியா மீட்டர்? கொஞ்சங்கூட வலிக்கலடி."